இரண்டாம் பாகம் எங்கே கிடைக்கும்?

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும் அடையாள எண்ணைத் தொட்டால் தனியாக ஒரு பக்கம் திறக்கும். அந்தப் புத்தகம் எந்தக் கடையில் விற்கிறது, எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தேடித் தரும் பக்கம். தமிழில் அதைக் கவனித்துக்கொள்வது சௌம்யா. சம்பளம் கிடையாது. வைட்ஃபீல்டில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்கு நடுவே, சாப்பாட்டு இடைவேளையில் செய்வது. பதின்மூன்று இலக்கங்களைத் தொட்டதும் எங்கோ ஓர் ஊரின் அலமாரி கண்முன் வந்து நிற்பது, இரண்டு வருடமாகியும் அவளுக்கு மாயமாகத்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நாவலைப் பற்றிய கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஒரு கேள்வி கிடந்தது. 'இரண்டாம் பாகம் எங்கே கிடைக்கும்? மூன்று கடைகளில் வாங்கிவிட்டேன். மூன்று முறையும் முதல் பாகமே வருகிறது.' கீழே கைபேசி எண்ணும் பெயரும்: சாமிநாதன், பொம்மசந்திரா.

எந்த நாவல் என்று பார்த்ததும் சௌம்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடகடல் தீவு ஒன்றிலிருந்து தமிழுக்கு வந்த கதை. முதல் பாகத்தின் கடைசி வரியில், உறைந்த கடலில் சிக்கிய கப்பலிலிருந்து மாலுமியின் மகள் தனியாகப் பனியில் கால் வைக்கிறாள். பனி தாங்கியதா? கல்லூரியில் படித்த நாள்முதல் சௌம்யாவுக்கும் தெரியாது. பதிப்பகம் மூடி ஆறு வருடமாகிறது.

உடனே அழைத்தாள்.

“ஷிஃப்ட்டுல பாதி நேரம் அந்தப் பொண்ணத்தான் நெனச்சிக்கினு இருக்கேன் மேடம்,” என்றார் சாமிநாதன். பின்னால் லேத் இயந்திரம் இரைந்தது. “வீட்ல எதுனா பிரச்சனையான்னு சூப்பர்வைசர் கேக்கறாரு. என்னத்த சொல்றது? ஐஸ் மேல ஒரு பொண்ணு நிக்குதுன்னா?”

“நானும் அங்கயேதான் நிக்கறேன் சார். பின்னட்டையில இருக்கற நம்பரப் படிங்க.”

படித்தார். கட்டுரையில் இருந்த இரண்டாம் பாகத்தின் பின்னட்டைப் படத்திலும் அதே எண். பதிப்பகத்தார் இரண்டு பாகங்களுக்கும் ஒன்றையே அச்சிட்டிருந்தார்கள். அப்படியானால், முதல் பாகம் என்று கடைகள் அடுக்கி வைத்திருக்கும் பிரதிகளுக்குள் இரண்டாம் பாகமும் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். சௌம்யாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

பட்டியலில் இருந்த கடைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஐந்து கடைகளில் முதல் பாகம் மட்டுமே. ஆறாவது, ஸ்ரீராம்புரத்தில் ஒரு புத்தகக் கிடங்கு. முதலாளி கண்காட்சிக்குப் போயிருந்தார். பார்சல் கட்டும் சந்திரம்மாதான் போனை எடுத்தாள்.

“எந்த பாகம்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்? தமிழ் பேசுவேன், ஓதக்கெ பரல்லா, படிக்க வராது. ஆர்டர் சீட்டுல இருக்கற நம்பரும் புக்கு நம்பரும் ஒண்ணா இருந்தா கட்டி அனுப்பிடுவேன். இதுவரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல, நோடம்மா!”

“உங்க தப்பே இல்லக்கா. வீடியோவுல வந்து ஒவ்வொண்ணா மொதப் பக்கத்தக் காட்டுறீங்களா?”

“பதினோரு புக்கு இருக்கு! தட்டுல என் ராகி முத்தே ஆறிப்போகுது.”

ஆனாலும் காட்டினாள். முதல் பாகம். முதல் பாகம். மறுபடியும் முதல் பாகம். எட்டாவது புத்தகத்தை அவள் விரித்தபோது, தூசி படிந்த கட்டைவிரலுக்கு மேலே 'இரண்டாம் பாகம்' என்றிருந்தது.

கடல் தாண்டி, மொழி தாண்டி வந்த அந்தப் பெண், இத்தனை வருடமும் மெட்ரோவில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்திருக்கிறாள்!

மீதி மூன்றும் முதல் பாகம். ஆக, ஒரே ஒரு பிரதி.

“வேணுமா, வேணாமா? சொல்லும்மா.”

வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. “சாமிநாதன்னு ஒருத்தர் வருவார்க்கா,” என்றாள். “அவருக்கு எடுத்து வைங்க.”

மாலை ஆறரைக்கு, ஆபீஸ் வண்டி நெரிசலில் நின்றிருந்தபோது சாமிநாதன் அழைத்தார். கிடங்கு வாசலிலிருந்துதான்.

“இன்னும் பிரிக்கல மேடம். நீங்களும் படிக்கலன்னீங்களே, ஒண்ணாவே பாத்துடலாம்.”

சௌம்யா மற்றொரு காதைப் பொத்திக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமி, எழுத்துக்கூட்டாத குறையாக, நிதானமாக வாசித்தார்.

“'முதல் அடியில் பனி முனகியது. இரண்டாவது அடியில் அவளை ஏற்றுக்கொண்டது.'”

“தாங்கிடுச்சு மேடம்,” என்றார் சாமிநாதன்.

“மேல படிங்க சார்,” என்றாள் சௌம்யா.