நாலணா டிக்கெட்டில் என் வீட்டுச் சண்டை

ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், டான்ஸ்காரி ஒரு ஊர். மேடை ஏறிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அன்றைக்கு வாயில் வந்ததைப் பேசிச் சிரிக்க வைப்பார்கள். அந்த இழவெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன்.

என் மனைவி பொன்னழகு கோபித்துக்கொண்டு சேவுகம்பட்டியிலிருக்கும் தாய் வீட்டுக்குப் போய் மூன்று வாரம். போய்க் கூப்பிட்டேன். "திண்டுக்கல்லுக்கு நாடகம் பாக்கக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்கு வாரதப் பத்தி அப்புறம் சொல்றேன்" என்றாள். கூட்டி வந்தேன். நாலணா தரை டிக்கெட். என் வசதி அம்புட்டுத்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் அவள் பேகம்பூர்க் கடைத்தெருவில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த நேரம், டீக்கடையில் பக்கத்திலிருந்த ஆளிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். வெஞ்சனத்தில் உப்பில்லை என்று நான் சட்டியைக் கவிழ்த்தது முதல் எல்லாம் சொன்னேன். "அப்புறம்? அப்புறம்?" என்று உருக்கமாகக் கேட்டான் பாவி.

அவன்தான் பபூன்.

மேடைக்கு வந்ததும் சட்டியைக் கவிழ்த்தான். என்னைப் போலவே மூக்கை விடைத்துக் கத்தினான். கொட்டகை உருண்டு புரண்டு சிரித்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், பெண்கள் கூட்டத்தில், பொன்னழகும் முதலில் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள். எனக்கு ஆத்திரமும் அவமானமும் தாங்கவில்லை. இனி எங்கே வீட்டுக்கு வரப்போகிறாள்?

டான்ஸ்காரி பெண்டாட்டியாக நடித்து பபூன் காலில் விழுந்தாள். "தப்பு எம்மேலதான் மாமா, வந்துர்றேன்."

"அவ அப்படிச் சொல்ல மாட்டா!" பொன்னழகு எழுந்து நின்றுவிட்டாள்.

பபூனுக்குக் கொண்டாட்டம். "வேற என்னதான் தாயி சொல்லுவா?"

"சட்டியக் கவுத்துட்டு அவரு கடையில போய்த் தின்னுட்டு வந்தாரே, நீ சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டாரான்னு கேப்பா."

எதற்கும் பதில் வைத்திருக்கும் பபூன் ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்தான். அவர் சும்மா இரண்டு கட்டையை அமுக்கினார். டீக்கடையில் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல அது என் நினைவிலேயே இல்லை.

எப்படி எழுந்தேனோ, எழுந்துவிட்டேன். "பொன்னழகு, அன்னைக்கு நீ சாப்டியா?"

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பபூனுக்குக்கூட அவ்வளவு கிடைக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை மனசாரக் கேட்டேன், அதுவும் தமாஷாகிவிட்டது. "உக்காருய்யா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் என் வேட்டியை இழுத்தான்.

ஆட்டம் விட்டதும் அவள் நேராகப் போய் சேவுகம்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"அதான் கேட்டுட்டேன்ல!" என்றேன்.

"இன்னைக்குத்தானே கேட்டிருக்கீக" என்றாள். "நாளைக்கும் வந்து கேளுங்க, பாப்போம்."