தேங்காய் எண்ணெய் போட்ட மைக்

அந்த ஞாயிற்றுக்கிழமை அர்ஜுனனுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. எஸ்டேட் லயத்து வீட்டுக்குள் மேசைக்கும் வாசலுக்கும் அவன் நடந்த நடைக்கு, மலையடிவாரத் தாப்பாவுக்குப் பாதி தூரம் போயிருக்கலாம். மேசைமேல் அவனுடைய வாக்கி டாக்கி செட் இருந்தது. பழைய லாரி பேட்டரியில் ஓடுவது. கூரைமேல் மூங்கிலில் கட்டிய ஏரியல். எண்பத்து நாலாம் வருஷம், ஊர் ஊருக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. கையில் கொஞ்சம் வசதி உள்ளவனெல்லாம் செட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களிடம் குடும்பக் கதை பேசினான். தேயிலை லாரி ஓட்டுகிறவனுக்கு ஏது வசதி? ஆனாலும் அர்ஜுனன் வாங்கிவிட்டான். சொன்னால் கேட்கிற ஆளா அவன்!

செட்டில் அவன் பெயர் 'கொழுந்து'. கீழே கம்பாரில் 'சேவல்' என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு, பின்னால் ரம்புத்தான் மரம். அவரை அர்ஜுனன் கண்ணால் பார்த்ததே இல்லை. இருந்தும் கூடப்பிறந்தவனிடம் கேட்காததையெல்லாம் அவரிடம் கேட்டான்.

"அண்ணே, எனக்கு அம்பத்தொண்ணு ஆவுது. அம்பத்தஞ்சுலதான் ரிட்டயரு, அதுவரைக்கும் இடுப்பு தாங்காது போல. இப்பவே வேலைய விட்டுட்டா என்னா? ஓவர்."

"விட்டுட்டு வாங்க லா தம்பி! செத்த பெறவா ஊரு சுத்தப் போறீங்க? குடும்பத்தோட கீழ எறங்குங்க. கம்பார், லுமுட், பினாங்குன்னு ஒரு சுத்து சுத்தலாம். நம்ம வீட்டுலயே தங்கிக்கலாம். ஓவர்."

பீடோரில் கேட்டாலும் இதே பதில், தாப்பாவில் கேட்டாலும் இதே பதில். முப்பது வருஷமாக மலைக்கும் ஃபேக்டரிக்கும் வளைவு வளைவாக லாரியை உருட்டியே காலம் தள்ளியவனுக்கு அது தேனாக இனித்தது. கடலை அவன் இதுவரை காலண்டரில்தான் பார்த்திருக்கிறான்.

ஆனால் ஒன்றை மட்டும் அவன் செட்டில் யாரிடமும் சொல்லவில்லை. லயத்து வீடு வேலைக்குக் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். மனைவி மணியம்மா போன வருஷம் மலைச்சரிவில் விழுந்து காலை உடைத்துக்கொண்டதிலிருந்து கொழுந்து எடுக்கப் போவதில்லை. அவன் ஒருவன் பெயரில்தான் கூரை நிற்கிறது. "ஒனக்குப் பதிலா மக பேர வேலைக்குப் போட்டுடு, வீடு ஒனக்கே இருக்கும்" என்றார் எஸ்டேட் கணக்கு பார்க்கும் கிராணி. எஸ்டேட்டில் எல்லாரும் செய்கிறதுதான். அர்ஜுனனும் வெள்ளிக்கிழமை "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு வந்தான். மகள் சீதாவை ஈப்போவில் நர்ஸ் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும். அவளிடமும் அவன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எப்படி ஒரு மனுஷனுக்கு உட்கார முடியும்?

போதாக்குறைக்கு மைக் வேறு தகராறு செய்தது. பேச அமுக்கி, கேட்க விடுகிற பட்டன் இறுகிப்போய், நடுப் பேச்சில் தொடர்பு அறுந்து அறுந்து போனது. அதற்கும் செட்டிலேயே யோசனை கேட்டான்.

"அண்ணே, ஸ்பிரிங் போயிருக்கும். நீங்க கைய வைக்காதீங்க. ஆள அனுப்புங்க, புதுசு தர்றேன்" என்றார் மலைமேல் தானா ராத்தா டவுனில் ரேடியோ கடை வைத்திருக்கும் மைக்கேல்ராஜ்.

"அதெல்லாம் எதுக்கு? ரெண்டு சொட்டு தேங்காண்ண விடுங்க. நான் அப்பிடித்தான் செய்றேன், வழுக்கிக்கிட்டுப் போவும்" என்றார் சேவல்.

அர்ஜுனன் இரண்டையும் செய்தான். காலை பஸ்ஸில் சீதாவை ஸ்பிரிங் வாங்க அனுப்பினான். அவள் திரும்பி வரும்வரை பொறுமை இருந்ததா? ஊஹூம். மணியம்மாவின் எண்ணெய்ப் போத்தலை எடுத்து அடுப்பில் காட்டி உருக்கி, மைக்குக்குள் விட்டான்.

கம்பார் வெயிலில் தேங்காய் எண்ணெய் வருஷம் முழுக்க எண்ணெயாகவே இருக்கும். இந்தக் குளிரில் அது உறைந்து கட்டியாகிவிடும், தலைக்கு வைக்கவே தினமும் உருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அதைத் தலையில் தேய்த்து வளர்ந்தவனுக்கு, தலைக்கு உறைவது மைக்குக்கும் உறையும் என்று தோன்றவில்லையே! என்ன சொல்வது!

கொஞ்ச நேரம் பட்டன் நன்றாகத்தான் வழுக்கியது. பிறகு ஒரு தடவை அமுக்கினான், விரலை எடுத்தான், பட்டன் எழும்பவில்லை. பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை.

"தொடர்பே போச்சு, சனியன்!" என்று மைக்கை மேசைமேல் எறிந்தான்.

அந்த நேரம் பார்த்து மணியம்மா கோயிலிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் திருநீறு, முகத்தில் நெருப்பு.

"கிராணி வீட்டம்மா சொல்றாங்க. சீதா பேரக் குடுத்திருக்கீங்களாமே?"

"ஆமா, குடுத்தேன். இப்ப அதுக்கு என்னாங்கற?"

"அவ நர்ஸுக்குப் போவணும்னு ராவும் பகலும் கனவு காங்குறா."

"ரெண்டு வருஷம் கொழுந்து எடுத்தா கொறஞ்சா போயிடுவா? நீ எடுக்கல?"

"நான் எடுத்தேன். அதனாலதான் வேணாங்கறேன்."

"பொட்டப் புள்ளடி! நாளைக்கு எவனுக்கோ கட்டிக் குடுக்கப் போறோம். அவ படிச்சு எனக்கு என்னா ஆவப் போவுது? எனக்கு இடுப்பு போச்சு. நானும் மனுசன்தானே, நாலு ஊரு பாக்க வேணாமா?"

சொன்னவுடனே அவனுக்கே நாக்கு கசந்தது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். மணியம்மா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இது பேசுறப்பதானே செவப்பா எரியும்? இப்ப எதுக்கு எரியுது?"

அர்ஜுனன் விளக்கைப் பார்த்தான். தாவி மைக்கை எடுத்து நகத்தால் நோண்டினான். வெள்ளையாக உறைந்த எண்ணெய் நகத்தோடு வந்தது. பட்டன் டக்கென்று எழும்பியது, சிவப்பு விளக்கு அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இத்தனை ஊர்க்காரர்கள் இருக்கிற சேனலில் ஒருவர்கூடப் பேசவில்லை. கடைசியில் ஒரு குரல் வந்தது.

"அப்பா, சீதா பேசுறேன். மைக்கேல்ராஜ் அங்கிள் கடையில நிக்கிறேன். ஒங்க பட்டன் சிக்கிக்கிட்டு இருந்துச்சுப்பா. எல்லாம் கேட்டுச்சு. ஓவர்."

அவன் மைக்கைப் பிடித்தபடி நின்றான். முதல் தடவையாக அன்று அவன் கால் நகரவில்லை. அவள் மறுபடியும் பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"என் பேரப் போடுறதுன்னா போட்டுக்குங்க. நான் கொழுந்து எடுக்குறேன். ஆனா நீங்களும் அம்மாவும் ஊரு சுத்தப் போறப்ப, வீட்டுக்காக நான் இங்க வேலையில நிக்கணும்ல? அப்பறம் குடும்பத்தோட வர்றோம்னு சேவல் அங்கிள்கிட்ட சொல்லாதீங்கப்பா. ஓவர்."

ஐயோ, இதை அவன் யோசிக்கவே இல்லை. பினாங்குக் கடற்கரையில் மூன்று பேரையும் நிறுத்தி வைத்துத்தானே இத்தனை நாள் கனவு கண்டான்!

சேவல் இருமிவிட்டுப் பேசினார். "தம்பி, இந்த வெவரத்த நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே. சொந்த வீட்டுல ஒக்காந்துக்கிட்டு நான் பாட்டுக்கு விடுங்க, விடுங்கன்னு சொல்லிட்டேன். ஓவர்."

மணியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அர்ஜுனன் உட்கார்ந்தான். பட்டனை அமுக்கினான். மலைமேலும் கீழும் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். கெட்டது அத்தனை பேருக்கும் கேட்டது, இதுவும் கேட்கட்டும்.

"சேவலண்ணே, நாளைக்குக் காலையில கிராணிகிட்ட சீதா பேர எடுத்துடச் சொல்லிடுறேன். அம்பத்தஞ்சு வரைக்கும் லாரிய நானே ஓட்டுறேன். இடுப்பு என் இடுப்புதானே. சீதா, கேக்குதா? அப்பா பேசுனது தப்பும்மா. அடுத்த மாசம் ஒன்ன ஈப்போல கொண்டுபோயி விட மூணு பேரும் போவோம். கம்பார்ல எறங்கி சேவலண்ணன் வீட்டுல சாப்புடுவோம். இப்பத்திக்கு அதான் நம்ம ஊரு சுத்தல், நம்ம ஜாலான் ஜாலான்."

'ஓவர்' சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் விரலை எடுக்க வேண்டும். எடுத்தால் அவள் பேசுவாள். பேசாமலே போனாலும் போவாள். அதை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது.

"மறுபடியும் சிக்கிக்கிச்சா?" என்றாள் மணியம்மா.

"இல்ல."

அவள் அவன் கட்டை விரலைப் பிடித்துப் பட்டனிலிருந்து விலக்கினாள்.

பெட்டி கொஞ்சம் கரகரத்தது. பிறகு சீதாவின் குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தது.

"ஸ்பிரிங் வாங்கிட்டேன்பா. பஸ் வந்துருச்சு. நான் வர்ற வரைக்கும் எதுலயும் கைய வைக்காதீங்க."