கிளட்ச் இறுக்கம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்வேன்: வேண்டாம். எங்களுடையது தொண்ணூற்றாறாம் வருடத்து வண்டி. வெள்ளை நிறம், நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் மூச்சுவிட முடியாத சின்ன கார். ஒரு பேங்க் மேனேஜர் 2006இல் எங்கள் தலையில் கட்டினார். "ஒரு வேலையும் இல்ல, பெட்ரோல் போட்டா போதும்" என்றார். அதில் பெட்ரோல் போட வேண்டும் என்பது மட்டும்தான் உண்மை.

என் வீட்டுக்காரர் தில்லைநாதனுக்குக் கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட் வேலை. சிதம்பரம் கீழவீதியிலிருந்து தினமும் போய்வர வேண்டும். பாதி ஆயுசு பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர். கார் வந்ததும் ஆளே மாறிவிட்டார். சனிக்கிழமையானால் என்னைத் திருவந்திபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். வழியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்து, "பாவம்" என்பார். ரிட்டயர் ஆனதும் ராமேஸ்வரம் வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். அந்த மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது.

முதல் இரண்டு மூன்று வருடம் நியாயமான செலவுகள்தான். ரேடியேட்டர் ஒழுகி ஆலப்பாக்கத்தில் நின்றோம். சைலன்சர் கழன்று புதுச்சத்திரம் கடைத்தெருவில் விழுந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வந்தபோது நான் சிரித்த சிரிப்புக்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2009 ஐப்பசி மழையில்தான் கிளட்ச் விவகாரம் ஆரம்பித்தது.

"கிளட்ச் ரொம்ப இறுக்கமா இருக்கு சாரதா. மிதிக்கவே முடியல" என்றார்.

கடலூரில் சார்லஸ் என்கிற மெக்கானிக்கிடம் விட்டார். சார்லஸ் கழற்றிப் பார்த்தார். பிளேட் நிஜமாகவே தேய்ந்திருந்தது. மாற்றினார். பழைய காரில் இதுதான் வினை. எதைக் கழற்றினாலும் அது தேய்ந்துதான் இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை.

ஒரு மாதம் போவதற்குள் மறுபடி இறுக்கம். கேபிள் மாற்றினார்கள். தை மாதம் சாவி திருகவில்லை என்றார். சாவித் துவாரத்தையே மாற்றினார்கள். பிறகு ஸ்டீயரிங் கனம், கையெல்லாம் மரத்துப்போகிறது என்றார். அதன் கீழே எதையோ மாற்றினார்கள். பெடல் வழுக்குகிறது என்று புது ரப்பர். என் பெயரில் இருந்த சீட்டுப் பணம் மொத்தமும் சார்லஸின் மெக்கானிக் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தது.

"அதுக்குப் போடறத எனக்கு ஒரு வளையலா போட்டிருந்தா கையிலயாவது கெடக்கும்" என்றேன்.

"வளையல்ல ஏறி ஆபீஸ் போவ முடியுமா?" என்றார்.

கால் மரத்துப்போவதாக ராத்திரியில் தைலம் தேய்க்கச் சொல்வார். "அந்தக் கிளட்ச மிதிச்சு மிதிச்சுத்தான் இப்புடி ஆவுது." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இடது கால் செருப்பு அவருக்குத் தெரியாமலே வாசலில் கழன்று கிடக்கும். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். அவசரத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்தேன். தெருவில் எத்தனை பேர் கண் அந்தக் காரின் மேல்! அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைத்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். காருக்குத்தான் திருஷ்டி கழித்தேன். ஓட்டுகிறவரை ஒரு தரம்கூட அங்கே நிறுத்திச் சுற்றிப்போடவில்லை.

சித்திரையில் என் தம்பி மணவாளன் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் காரை வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து சாவியை நீட்டினான்.

"வண்டிய நல்லா வச்சிருக்கீங்க மாமா. கிளட்ச் வெண்ணெ மாதிரி எறங்குது."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒரு நாளு ஓட்டுனவனுக்கு என்னடா தெரியும்? தெனம் மிதிக்கிறவன் நான். வா, காட்றேன்."

வாசலில் காரைத் திறந்து உட்கார்ந்தார். நானும் மணவாளனும் பக்கத்திலேயே நின்றோம். "பாத்துக்க" என்றார். இடது கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி, பாதத்தைப் பெடலின் மேல் வைத்தார். அப்படித் தூக்குவது அவருக்கே தெரியவில்லை, அத்தனை பழகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பாதம் நடுங்கியது. பெடல் பாதி இறங்கி நின்றது.

"பாத்தியா, எவ்ளோ இறுக்கம்."

மணவாளன் குனிந்து, கையாலேயே அந்தப் பெடலை அமுக்கினான். அது அடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவன் என்னைப் பார்த்தான். காருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கழுத்தெலும்பு நடுவில் கை காலுக்குப் போகிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக்கொண்டே வந்திருக்கிறதாம். "எப்பலேருந்து இருக்கு?" என்று கேட்டார். "ஐப்பசியில கிளட்ச் மாத்துனோம்" என்று என் வாயில் வந்துவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை. ஆபரேஷன் செய்தால் இதற்கு மேல் போகாமல் நிறுத்தலாம், போனது போனதுதான், அப்போதே வந்திருந்தால் கதையே வேறு என்றார். ஆபரேஷன் செய்தோம். நிறுத்தினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல் நாற்காலி வரைக்கும் வருகிற அளவுக்கு நிறுத்தினார்கள்.

மார்கழியில் காரை விற்க முடிவு செய்தோம். கிள்ளையில் கடை வைத்திருக்கும் கண்ணாயிரம் என்பவர் வந்தார். நாலு வீதியும் சுற்றிவிட்டு வந்து இறங்கியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாமே புதுசா மாத்தி வச்சிருக்கீங்க சார். சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன்."

நாற்காலியிலிருந்து அவர் கையை உயர்த்தினார். "அவசரப்படாதீங்க. கிளட்ச் பாத்தீங்களா? இறுக்கம். எத்தன தரம் மாத்துனாலும் சரியாவல. என் கால எடுத்ததே அதான்."

கண்ணாயிரம் குழம்பிப்போனார். "அப்புடி ஒண்ணும் தெரியலயே சார். லேசாத்தான இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அப்புடியா?" என்றார்.

படத்தை வைத்து டாக்டர் என் வீட்டுக்காரரிடமும்தான் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கிளட்சைத்தான் திட்டினார். தன் உடம்பே தன்னைக் கைவிட்டது என்று அவரால் நினைக்க முடியவில்லை. அவர் வாயிலிருந்து வரும் எந்தப் பேச்சையும் திருத்தாமல் விட்டவள் இல்லை நான். இப்போதும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன். "ரொம்ப இறுக்கம். ரெண்டாயிரம் மூவாயிரம் கொறச்சுக்கூடக் குடுங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் சாவியை எடுத்து வர உள்ளே போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.