விடை வராத துண்டுகள்

அணைச் சுவரைத் தொள்ளாயிரம் துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடுவது அவள் வேலை. முழுச் சுவருக்கும் ஒரு பெரிய கணக்கு. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மணலும் கல்லும் சிமெண்டும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று ஒரு சின்னக் கணக்கு. சின்னக் கணக்குகளை நாலு ஊர்களில் இருக்கும் முந்நூறு கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். எல்லா விடையும் வந்தால்தான் பெரிய கணக்கு அடுத்த அடி எடுத்துவைக்கும்.

ஒன்று முரண்டு பிடித்தால் மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். போன வருடம் இப்படி நின்று நின்று மேலதிகாரி கத்தித் தீர்த்தார். அவளும் ரோஷக்காரி. ஒரே மத்தியானத்தில் ஒரு விதியை எழுதிச் சேர்த்தாள். இருபது நிமிடத்தில் விடை வராத துண்டுக்கு அதன் முந்தைய விடையையே வைத்துக்கொண்டு மேலே போ, அவ்வளவுதான். அதன்பிறகு கணக்கு ஒரு நாளும் நிற்கவில்லை. மேலதிகாரி எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்தார். நிற்காமல் ஓடுகிறதே என்று சந்தேகப்பட அந்த அறையில் ஒரு ஆளும் இல்லை.

அந்தக் கணக்கை நம்பித்தான் நீர்மட்டத்தை ஒன்பது மீட்டர் உயர்த்த அனுமதி கொடுத்தார்கள். மூன்று நாளாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டருக்கு ஆமை என்று பட்டப்பெயர். எதையும் அவசரப்பட்டுச் சொல்லிவிட மாட்டார். அன்று காலை பதினொரு மணிக்கு ஒரு தாளோடு அவள் மேஜைக்கு வந்தார்.

"மேடம், ஒரு பதினொரு துண்டு எப்பவும் லேட்டா வருது. மெஷின்தான் மக்கர் பண்ணுதுன்னு மாத்திப் பாத்தேன். புது மெஷின்லயும் அதே கதைதான்."

"எவ்வளவு நாளா?"

"பர்மிஷனுக்கு ஓட்டுன கணக்குல இருந்தே. மெஷின் கோளாறுக்கெல்லாம் உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

திரையில் சுவரின் படத்தைத் திறந்து, அந்தப் பதினொன்றுக்கும் சிவப்பு கொடுத்தாள். எங்கெங்கோ சிதறிக் கிடந்திருந்தால் மெஷின் கோளாறு என்று மூச்சு விட்டிருக்கலாம். அவை ஒன்றையொன்று ஒட்டியபடி, இடது கரையின் அடியிலிருந்து சாய்வாக மேலே ஏறின.

நல்ல துண்டின் கணக்கு சட்டென்று முடிந்துவிடும். விரிசல் விடும் துண்டின் கணக்குதான் முடியாமல் இழுக்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. அவளுடைய விதி, விரிசல் விடும் துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து, அவை நன்றாக இருந்த காலத்து விடையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. ஆமையைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

அணைப் பொறியாளருக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லித் தண்ணீரை உடனே இறக்கச் சொன்னாள்.

"தண்ணிய எறக்க நாலு நாள் ஆகும்மா," என்றார் அவர். குரல் இறங்கிப்போயிருந்தது. "இடது கரையில கசியுதுன்னு காலையிலேயே சொன்னாங்க. நீங்க கணக்குப் போட்டுக் குடுத்திருக்கீங்களேன்னு பேசாம இருந்துட்டோம்."

அணைக்குக் கீழே மூன்றாவது தெருவில் அவள் தங்கை குடியிருந்தாள், இரண்டு பிள்ளைகளோடு. அடுத்த போன் அங்கே போனது.

"பிள்ளைங்கள கூட்டிட்டு உடனே கெளம்பு. தெருவுல எல்லாரையும் கெளப்பு. என் கணக்கு தப்புடி."



"அக்கா, என்ன சொல்ற? தண்ணிய ஏத்தப்போறாங்கன்னதும் போன வாரம் பாதித் தெரு மூட்ட கட்டிருச்சு. எங்கக்காதான் கணக்குப் போட்டா, தைரியமா இருங்கன்னு வீடு வீடாப் போய் நான்தானே நிறுத்தி வச்சேன்!"

"தப்பு என்னோடதுன்னு சொல்லு. என்னை எவ்வளவு வேணா திட்டட்டும். போ!"

போனை அணைக்காமலே தங்கை ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்டது, மூச்சு வாங்குவது கேட்டது, கதவைப் படபடவென்று தட்டுவது கேட்டது. தங்கை திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னாள். ஒரு பெண் சிரித்தாள்.

"உங்கக்கா கணக்கு தப்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப நீங்களே பயந்தா எப்படி? போய் ஒரு வாய் தண்ணி குடிங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

கதவு சாத்தப்பட்டது.