தலைவரின் கை

"கைய நீட்டுடி. இன்னொரு தபா சொல்ல மாட்டேன்."

கலையரசி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இளவரசன் அவள் முடியைப் பற்றிச் சுவரில் மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. வலது கையை இழுத்துக் கதவு நிலையில் அழுத்தி, கதவை ஓங்கிச் சாத்தினான். மூன்று முறை.

"இப்போ போய் கையெழுத்துப் போடு, பாக்கறேன்!"

அவனைப் பெற்ற காத்தாயி அடுப்படியில் நின்று, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஆரணியை ஒட்டிய அந்த ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டபோது, பட்டுத்தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்த மனைவியைத் தேர்தலில் நிறுத்தியவன் இளவரசன்தான். சுவரொட்டியில் அவன் படம் பெரிதாக இருந்தது. அவள் படம் மூலையில். ஜெயித்த மறுநாளே நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். ஊரும் அவனையே தலைவரே என்று கூப்பிட்டது. அவள் தறிக்குப் போனாள். காகிதங்கள் வீடு தேடி வரும், கையெழுத்துப் போடுவாள். நாளடைவில் அதையும் அவனே போடக் கற்றுக்கொண்டான்.

போன மாதம் குழாயடியில் அம்மணி என்கிற பக்கத்துத் தெருக்காரி இவள் குடத்தை எட்டி உதைத்தாள்.

"ஏரிக்கரையில சாயப்பட்டறை வர்றதுக்கு கையெழுத்து போட்டுட்டு, இங்கியே தண்ணி புடிக்க வந்துகிறியே! நாங்க இன்னா சாயத்தண்ணியையா குடிக்கறது?"

கலையரசிக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. பட்டறைக்கு அனுமதி தந்த ஊராட்சித் தீர்மானத்தின் நகலை வாங்கிப் பார்த்தாள். தன் பெயர், தன் எழுத்தின் சாயல், தான் போடாத கையெழுத்து. அன்றே பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீசுக்குப் போய், அது தன் கையெழுத்து இல்லை என்று மனு கொடுத்துவிட்டு வந்தாள். இன்று காலை பத்து மணிக்கு விசாரணை. ஊரார் முன்னால் அவள் கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டும்.

"யம்மா, இவ வெளிய போனா உன்னையும் சேத்துக் கொளுத்திடுவேன்" என்று சொல்லிவிட்டு இளவரசன் வண்டியைக் கிளப்பினான்.

கலையரசி ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். காத்தாயி வாசலை மறித்து நின்றாள்.

"வழி வுடு அத்த."

காத்தாயி அவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு நகர்ந்துகொண்டாள்.

ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. விசாரணை அதிகாரி ஜீவானந்தத்தின் பக்கத்தில், தலைவர் நாற்காலியில், இளவரசன் காபி குடித்துக்கொண்டிருந்தான். செயலர் அன்பரசு, உள்ளே வந்த கலையரசியிடம் பேனாவை நீட்டினார். அவள் விரல்கள் வளையவில்லை. பேனா நழுவித் தரையில் உருண்டது.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா சார்" என்றான் இளவரசன்.

"மாதிரிக் கையெழுத்து இல்லாம எப்படிம்மா ஒத்துப் பாக்கறது? கை ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அதிகாரி கோப்பை மூடினார்.

"கை எப்படி ஒடைஞ்சிதுன்னு எழுதிட்டு மூடுங்க சார். இவர்தான் கதவுல வெச்சி நசுக்கினாரு."

"அது உங்க குடும்ப விஷயம்மா."

"ஓட்டுப் போட்ட ஊருக்கு நான் தலைவர் சார். என் கைய ஒடைச்சா அது ஊர் விஷயம்."

இளவரசன் எழுந்து வந்து அத்தனை பேர் முன்னால் அவளை அறைந்தான். பெஞ்சின் முனையில் உதடு பட்டுப் பிளந்தது. யாரும் அசையவில்லை.

அதிகாரி பதறி எழுந்தார். "அடிக்காதீங்க தலைவரே!"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது போலும், வாயை மூடிக்கொண்டார். கலையரசி ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பெஞ்சைப் பிடித்து நிமிர்ந்தாள்.

"எழுதுங்க சார்."

"கதவுல நசுக்கினதுக்குச் சாட்சி வேணுமேம்மா... யாராவது பாத்தீங்களா?"

"நான் பாத்தேன்."

கூட்டத்தின் கடைசியிலிருந்து காத்தாயி வந்தாள். இளவரசன் "யம்மா!" என்று கத்தினான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"மூணு தபா சாத்தினான். எலும்பு ஒடையற சத்தம் அடுப்படி வரிக்கும் கேட்டுது."

அன்பரசு எழுதினார். காத்தாயியின் பெயரைப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"தலைவரோட மாமியார்னு போட்டுக்கட்டுங்களா?"

"வாணாம்" என்றாள் காத்தாயி. "அடிச்சவனோட அம்மான்னு போடு."