வாயால் சொன்ன கோளாறு

இருபத்தொரு வருஷம் விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தவன் நான். முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், இனி இவன் ஏணி ஏறி இறங்க லாயக்கில்லை என்று விமானப்படையில் எனக்கு ஒரு மேஜையைக் கொடுத்தார்கள். ஆள்சேர்ப்பு அலுவலகம். ஜெராக்ஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரே அறை. "நட்டு போல்ட்டையே திட்டுற ஆளு நீங்க. உங்களைப் போய் மனுஷங்களோட பேசச் சொல்லியிருக்காங்களே" என்று என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போதாததற்கு இன்ஜின் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டதால், அன்பாகப் பேசினாலும் அதட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

இருந்தும் ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் வசனங்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. விடிவதற்கு முன் ஓடுபாதையில் அடிக்கும் குளிர், எத்தனை சோப்பு போட்டாலும் போகாத எண்ணெய் வாசம், இவற்றைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படிவத்தை நீட்டுவேன். அப்படிப் போன பிள்ளைகளில் பலர் பதவி உயர்வு வந்தால் போன் செய்வார்கள். அவர்களுடைய அம்மாக்கள் யாரும் செய்ததில்லை. அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை.

ஓய்வு பெற நாலு மாதம் இருந்தபோது அந்தப் பெண் வந்தாள். பள்ளி முடிந்ததும் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் வேலை பார்க்கிறவள். வந்த முதல் நாளே, என் மேஜை மின்விசிறி கடகடவென்று ஆடுவதைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அதன் அடித் திருகை இறுக்கினாள். சத்தம் நின்ற பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைக் கேட்டால் அவளுக்குத் தேர்வே வைத்திருக்க வேண்டாம். ஆனால் வைத்தார்கள், நன்றாகவே எழுதியிருந்தாள். பதினெட்டு வயது நிறையாததால் பெற்றவர் கையெழுத்து ஒன்று மட்டும் பாக்கி. அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறார் என்று சொன்னாள்.

அந்த அம்மா ஒரு மத்தியானம் வந்தார். மகளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். தனியாக ஒன்று சொல்ல வேண்டும் என்று குனிந்து, சரியாக என் செத்த காதில் முணுமுணுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் சொல்லுங்கள் என்று மறுகாதைக் காட்டினேன். மகளுக்கு ஆறு வயதில் வலிப்பு வந்ததாம், அது அவளுக்கே தெரியாதாம், அதனால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று நானே சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். எத்தனை வயதில் என்று இன்னொரு முறை கேட்டேன். எட்டு என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மின்விசிறித் திருகை இறுக்கிய அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்து ஏற்கெனவே மனசுக்குள் அவளைச் சேர்த்துவிட்டிருந்தேன். ஆனால் விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. பைலட் இறங்கி வந்து, வலது பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனால் அது கணக்கிலேயே வராது. விமானத்துக்கென்று இருக்கும் புத்தகத்தில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. எதிரே இன்னொருவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை விமானம் இம்மியும் நகராது. பேனாவை நீட்டியதுமே பாதிக் கோளாறு காணாமல் போய்விடும். மிச்சம் இருப்பதுதான் நிஜம்.

அதே பழக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினேன். சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனேன். திரும்பி வந்தபோதும் அவர் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். 'என் மகளுக்கு வலிப்பு' என்று எழுதி அடித்திருந்தார். அதன் கீழே இப்படி இருந்தது: 'என் மகளுக்கு எந்த நோயும் இல்லை. எனக்குத்தான் பயம்.' கீழே கையெழுத்து.

"நான் வேணாம்னு சொன்னா காலம் பூரா அதையே நினைச்சுக்கிட்டு இருப்பா சார்" என்றார். "நீங்க வேணாம்னு சொன்னா ஒரு வாரம் அழுவா. அப்புறம் எங்கிட்டயே வந்து படுத்துக்குவா."

நாக்கு நுனிவரை வந்திருந்த வசவை விழுங்கினேன். எனக்குக் கையெழுத்துப் போட வந்த என் அம்மா நினைவுக்கு வந்தாள். ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டாள். சந்தோஷமாகத்தான் போட்டாள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் யாரும் ஒரு வெள்ளைத் தாளை நீட்டவில்லை. இப்போது கேட்கலாமென்றால் அவள் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எழுதின குறைக்குப் பதில் எழுதாமல் விட எனக்குத் தெரியாது. சில குறைகளை உடனே சரிசெய்ய முடியாது, ஆனால் அவற்றால் விமானம் விழுந்துவிடாது. அப்படிப்பட்டதற்கு நாங்கள் எழுதுவதையே எழுதினேன்: 'குறை உண்டு. பறக்கலாம். கவனித்து வரவும்.' கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மூன்று முறை படித்தார். பயம் போவதற்கு வழி ஒன்றுமில்லையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

இன்னொரு கையெழுத்து பாக்கி இருப்பதையும் சொன்னேன். குறையுள்ள விமானத்தை எடுத்துப் போகிறவர் அந்த வரியைப் படித்துவிட்டு, தெரிந்துதான் எடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் முகம் வாடிவிட்டது.

"அவகிட்ட காட்டணுமா?"

"வேணாம்னா இதை இப்பவே கிழிச்சுடறேன். படிவத்துலயும் நீங்க கையெழுத்துப் போட வேணாம். வயசு பத்தல, அடுத்த வருஷம் வான்னு நானே சொல்லிடறேன். பழி என் மேலயே இருக்கட்டும்" என்றேன். உண்மையில் அந்தப் பெண்ணை இழக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சொன்னேன்.

அவர் கண்ணாடி வழியாக மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவள் நகத்தைக் கடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்க்கவே பயந்த மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அம்மா எழுந்தார், தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்த மறந்துவிட்டார்.

மகள் படித்தாள். அடித்திருந்த வரியையும் படித்திருப்பாள். கோபப்படுவாள் என்று நான் பயந்தேன்.

"எப்ப இருந்தும்மா?"

"நீ நடக்க ஆரம்பிச்சதுல இருந்து."

அவள் தாளோடு உள்ளே வந்து, எங்கே போட வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டாள். என் கையெழுத்துக்குக் கீழே இடம் காட்டினேன். தன் பெயரை முழுதாக, பள்ளி நோட்டில் எழுதுவதுபோல நிதானமாக எழுதினாள். இந்தத் தாள் தன்னிடம் இருக்கட்டும் என்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அம்மாவை உட்கார வைத்தாள். நான் படிவத்தை நீட்டினேன். அந்த அம்மா பேனாவை அழுத்த அழுத்த, காகிதம் மேஜையில் வழுக்கிக்கொண்டே போனது. நான் பிடிக்கப் போனேன். அதற்குள் மகள் குனிந்து, அம்மா எழுதி முடிக்கும்வரை அது நகராமல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.