முதல் அட்டை

கண்ணாடிப் பெட்டியின் மேல் குழலி சீப்பால் தட்டினாள். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. உள்ளே மஞ்சள் பூசிய முகத்தோடு படுத்திருந்த தையல்நாயகி அசையவில்லை. பெரிய மகள் சீப்போடு வந்து நின்று தாய்க்காரி எழுந்திருக்காதது இந்த இருபத்தேழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"ஐயய்ய, ஐஸ் பொட்டி ஒடஞ்சிறப் போவுது! யாராச்சும் அவளப் புடிங்கடி!" என்று அங்கம்மாள் அத்தை கத்தினாள்.

துர்காதேவி ஓடி வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நேற்றுப் பின்னிய ஜடை கலைந்து தோளில் சிக்காகக் கிடந்தது. குழலி பல் தேய்க்கவில்லை, காப்பி குடிக்கவில்லை, ஒரு வாய் இட்லி தின்னவில்லை. மணி பத்து ஆகிவிட்டது.

வீட்டுக் கூடம் முழுவதும் தறி. பாதி நெய்த புடவை அதில் அப்படியே நின்றது. அதனால் தையல்நாயகியைத் தெருவில் பந்தல் போட்டுத்தான் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் நாலு மணிக்கு அந்தத் தறிக்குப் பக்கத்தில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், "நெஞ்ச அடைக்குதுடி" என்று சுவரோடு சாய்ந்தாள். ஆட்டோ பிள்ளையார்பாளையத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அத்தை துர்காவைத் தறிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"த பாரு, மோளம் வந்துக்கினு இருக்குது. சத்தம் கேட்டா இவ கையக் கடிச்சிக்கினு ஊரக் கூட்டுவா. பின்னாடி ரூம்புல வுட்டு வெளிய தாப்பா போட்டுரு. தூக்கினப்புறம் தொறந்துக்கலாம்."

"அம்மாவப் பாக்காமயேவா?"

"பாத்து? செத்துட்டான்னு அவளுக்குத் தெரியுமா? கருமாதி முடியட்டும், எங்கனா ஹோம்ல சேத்துடலாம். இல்ல, நீ படிப்ப வுட்டுட்டு வூட்ல ஒக்காரு. ஒங்கப்பன் தறியில எறங்கிட்டா யாருடி இவளப் பாக்கறது?"

அத்தை கெட்டவள் இல்லை. பொழுது விடிந்ததிலிருந்து பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் கேட்டதும் நியாயம்தான். துர்கா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ஒரு கால் மணி நேரம் குடு அத்த. அவளுக்கு நா சொல்றேன்."

"சொல்லு, சொல்லு. அதுக்குத்தான படிக்கிற."

அதற்காகத்தான் படித்தாள். ஏழு வயதில் குழலியைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். கையைப் பிடித்து அழைத்து வந்த தையல்நாயகி, இடுப்பில் இருந்த சின்னவளிடம், "நீ டீச்சராயி ஒங்கக்காவுக்குச் சொல்லிக் குடுடி" என்றாளாம். இரண்டு வயதுக் குழந்தையிடம் வாங்கிய வாக்கு. அது பலித்துத்தான் விட்டது. பி.ஏ. முடித்துவிட்டு ஏனாத்தூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சிறப்புக் குழந்தைகளுக்கான பி.எட்.டில் கடைசி செமஸ்டருக்கு வந்துவிட்டாள். அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. ரெக்கார்டு நோட்டில் அவள் எழுதிய மாணவி வேறு யாருமில்லை, குழலிதான்.

அந்த நோட்டிலிருந்து பிறந்ததுதான் அட்டைப் பலகை. பேச்சு வராத குழலிக்குப் படம் புரியும். பல் துலக்கும் பிரஷ், இட்லித் தட்டு, ராட்டை என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து, பலகையில் மேலிருந்து கீழாக ஒட்டி வைத்தாள். ஒரு வேலை முடிந்ததும் அதன் அட்டையைப் பிய்த்துக் கீழே இருக்கும் புடவைப் பெட்டியில் போட வேண்டும். போடும்போது கூட இருப்பவர் "முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். இரவு படுக்கப் போகும் முன் தாயும் மகளும் பெட்டியைக் கவிழ்த்து, எல்லா அட்டைகளையும் மறுபடி பலகையில் ஒட்டுவார்கள். அது அவர்கள் இரண்டு பேருடைய விளையாட்டு. 'குடும்பத்தின் பங்களிப்பு' என்று துர்கா அதையும் நோட்டில் எழுதி, மேடத்திடம் டிக் வாங்கியிருந்தாள். குழலி துணையில்லாமல் தானே அடுக்க வேண்டும் என்பது கடைசி இலக்கு. அதற்கு நேராக மட்டும் ஒன்றரை வருஷமாக 'இன்னும் இல்லை' என்று இருந்தது.

பலகையில் முதல் அட்டை தையல்நாயகியின் படம், கையில் சீப்போடு. அம்மா தலை வாரினால்தான் குழலிக்குப் பொழுது விடியும்.

துர்கா அக்காவைப் பந்தலுக்கு அழைத்துப் போனாள். மூடியைத் திறக்கச் சொல்லி, அவள் கையை எடுத்து அம்மாவின் கன்னத்தில் வைத்தாள்.

"அம்மா செத்துட்டாங்கக்கா. மூச்சு இல்ல. எழுந்துக்க மாட்டாங்க."

குழலி கையை உதறினாள். ஜில்லென்று இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. சீப்பை அம்மாவின் விரல்களுக்குள் திணித்தாள். அது நழுவி விழுந்தது. துர்கா குனிந்து எடுத்து, தானே வாரப் போனாள். குழலி அவளைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் ஓடி, பலகையில் முதல் அட்டையை விரலால் குத்திக் குத்திக் காட்டினாள். இது. நீ இல்லை, இது.

தெருமுனையில் மேளம் அதிர்ந்தது. குழலியின் கை வாய்க்குப் போனது. புறங்கையில் பல் பதிந்து ரத்தம் துளிர்த்தது. பின்அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தை நின்றாள். சாவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நாலு செமஸ்டரில் ஒரு பக்கம்கூட இல்லையே என்று துர்காவுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கையை நீட்டி அம்மாவின் அட்டையைப் பிய்த்தாள்.

"அக்கா, இங்க பாரு. அம்மா முடிஞ்சுது."

புடவைப் பெட்டியில் போட்டாள்.

குழலி வாயிலிருந்து கையை எடுத்தாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். மூச்சு மெல்ல அடங்கியது. பிறகு தானே போய்ப் பிரஷை எடுத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைத் தெருவே பார்த்தது. தாமலிலிருந்து அம்மாவின் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்தபோது குழலி தங்கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நின்றாள். வாய்க்கரிசி போடச் சொன்னதும் போட்டாள். போட்டுவிட்டு, தனக்கு ஊட்டும்போது அம்மா செய்வது போல இரண்டு விரலால் அம்மாவின் தொண்டையை மெல்லத் தடவிவிட்டாள். பெண்கள் பொங்கி அழுதார்கள். பாடையைத் தூக்கியபோது, மேளத்துக்கு ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டாளே தவிர அவள் கத்தவில்லை. இன்னொரு கையில் புடவைப் பெட்டியை இடுக்கிக்கொண்டிருந்தாள். தெரு திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தலை முழுகிவிட்டு வந்த அத்தை, துர்காவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"அடியம்மா, எனக்கே மெய் சிலுத்துப் போச்சு. சொன்னா புரிஞ்சிக்கிறாளே! ஹோமும் வாணாம் ஒண்ணும் வாணாம். நீ போயி பரிட்ச எழுது. இவள நா பாத்துக்கறேன்."

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியிருந்த கலியாணசுந்தரம் அப்போதுதான் வாய் திறந்தார். "ஒங்கம்மா ஆசப்பட்டா மாதிரியே ஆச்சும்மா" என்றார்.

துர்காவுக்குப் பெருமையாக இருந்தது. அம்மா எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் பெருமையா என்று தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அழுதாள். அழுத களைப்பில், தறிக்குப் பக்கத்தில் விளக்கு வைக்கும் நேரத்திலேயே தூங்கிப்போனாள்.

விடிந்தது. அப்பா பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அடுப்படியில் அத்தை இட்லி ஊற்றும் சத்தம் கேட்டது. துர்கா எழுந்து உட்கார்ந்தாள்.

புடவைப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பலகையில் அட்டைகள் எல்லாம் ஏறியிருந்தன. பிரஷ், இட்லித் தட்டு, ராட்டை என்று ஒன்றும் வரிசை மாறவில்லை, ஒன்றும் கோணலாக இல்லை. யாரும் கூட உட்கார்ந்து செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக, அம்மா.

குழலி நிலைப்படிக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முடியை அவிழ்த்து முதுகில் விட்டிருந்தாள். சீப்பு மடியில் இருந்தது. முகத்தில் ஒரு கவலை இல்லை.

துர்கா பின்னால் போய் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். முடியில் வைத்ததும் குழலி அந்தக் கையை, கோபமே இல்லாமல், மெதுவாக விலக்கினாள். பலகையைக் காட்டினாள். பிறகு தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"துர்கா, அவளுக்குத் தல வாரியாச்சாம்மா? இட்லி ஆறிப் போவுது" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

துர்கா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அவளும் வாசலைப் பார்த்தாள்.